மூன்றாவது கொட்டேஷன்

"உன் வார்த்தையை ஃபைல்ல போட முடியாதும்மா."

ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் வேலை பார்த்த செல்லப்பிராணி கிளினிக்கில், வரவேற்பு மேஜைக்கு எதிரே நின்று அவர் இதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. இந்த பஸ் இங்கே நிற்காது என்று சொல்வதுபோலத் தகவலாகச் சொன்னார். பெர்சியன் பூனைக்குச் சென்னை வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தார். முடி அடர்த்தி, மூக்கு சப்பை, வெயிலில் மூச்சு வாங்கும், மத்தியானத்தில் குளிர்ந்த அறை வேண்டும் என்று நான் சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் அவர் பேனா மூடியைக் கழற்றவே இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து, டாக்டரிடம் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு மூடியைக் கழற்றி எழுதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் ஒழுங்காகப் போய், ஒழுங்காக வெளியே வந்த முதல் ஆள் நான். அதற்கு மேல் விலங்கியலில் ஒரு பட்டமும் வாங்கியிருந்தேன். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா, என் பட்டமளிப்புப் படத்தை ஐஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். மீன் எடுக்க மூடியைத் திறக்கும்போதெல்லாம் கறுப்பு அங்கியில் நான் சிரிப்பேன். அப்படிப்பட்டவளின் வார்த்தையைப் போட முடியாத ஃபைல் எது என்று எட்டிப் பார்த்தேன்.

பழுப்பு அட்டை. வெள்ளை நாடா. மேலே சிவப்பு மையில், "பூனை – கொள்முதல் – தொடர்பாக."

அன்றிலிருந்து கிளினிக்கில் அவர் பெயர் ஃபைல் சார்.

ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அரசாங்கத்துக்காக நாற்காலி, மின்விசிறி, பீரோ, பினாயில் வாங்கியவர். எதை வாங்கினாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும்; மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும்; அதற்குப் பிறகுதான் தீர்மானம். ஓய்வு பெற்ற அன்று பூமாலையும் மேஜைக்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் விதிமுறையையும் கூடவே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

இளநீர் குடிப்பதற்கு முன் மூன்று வண்டிகளைப் பார்ப்பார். மூன்றாவது வண்டி லஸ் முனையில் இருந்தால் லஸ் வரை நடப்பார். முதல் வண்டியில்தான் நல்ல காய் என்று தெரிந்தால் திரும்பி நடப்பார். அதற்குள் வண்டிக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். குடை வாங்க ஆரம்பித்தது ஐப்பசியில், வாங்கியது தையில். ஃப்ரிட்ஜ் பழுதான வருடம் கத்திரி வெயில் முழுக்க அந்த வீட்டில் பட்டியல் ஓடியது, ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. இதெல்லாம் அவர் மனைவி சொல்லித் தெரிந்தது. அந்த மாமியை நான் சந்தித்ததே அவர் கொடுத்த தொல்லையால்தான்.

வீடு பூனைக்கு ஏற்றதா என்று டாக்டர் நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டார். ஒரு வாரம் தினமும் வந்து, அந்தக் கடிதம் என்ன நிலையில் இருக்கிறது என்று விசாரித்தார். எட்டாவது நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ போய்ப் பாத்துட்டு வந்துடு. இல்லன்னா இவருக்கு நாமளே ஒரு டேபிள் போட்டுத் தரணும்" என்றார்.

மயிலாப்பூர் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், இரண்டாம் மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. மாமி கூடத்து நாற்காலியில், இரண்டு முழங்காலிலும் பட்டையான உறை போட்டு உட்கார்ந்திருந்தார். "மேடம்" என்றேன். "மாமின்னே கூப்பிடு. மேடம்னா யாரோ பின்னாடி நிக்கறா மாதிரி இருக்கு" என்றார்.

நான் ஜன்னல் கம்பிகளின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தபோது, சார் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது, மாமி விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு முட்டிக்கும் ஆப்பரேஷன். தேதி குறிச்சாச்சு. ரெண்டு மாசம் படுக்கையில இருக்கணும். பொண்ணு டொரண்டோல. இவர் நாள் பூரா ஏதாவது கட்டம் போட்டுண்டிருப்பார். என் மடியில உசுரோட ஏதாவது ஒண்ணு உக்காரணும்டி. அதான் பூனை கேட்டேன். எட்டு மாசம் ஆச்சு."

"எட்டு மாசமா?"

"அதனால ஒரே வார்த்தை சொல்லிட்டேன். பூனை வந்தாதான் ஆஸ்பத்திரி. பூனை வரலைன்னா நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போறதில்லை. டாக்டர்கிட்ட நீங்களே போய் மூணு கொட்டேஷன் குடுங்கோன்னுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனவர், இரண்டு அடி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தேன். ஆப்பரேஷன் தள்ளிப் போகக் கூடாது. அதற்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது.

சார் காபியோடு ஃபைலையும் கொண்டுவந்தார். நான் அதுவரை அவரைக் கேலியாகத்தான் நினைத்திருந்தேன். பட்டியலைப் பார்த்ததும் கொஞ்சம் பயமாகிவிட்டது.

இடது பக்கம் பெர்சியன், வலது பக்கம் சயாமீஸ். இரண்டும் மகள் டொரண்டோவிலிருந்து சொன்ன பெயர்கள். பெர்சியன் தி. நகரில் ஒரு வீட்டில் இருந்தது, சயாமீஸ் மேற்கு மாம்பலத்தில். கீழே இருபத்திரண்டு வரிசைகள். முடி உதிர்தல். முடி சிக்கு. கண்ணில் நீர் வடிதல். திரைச்சீலை ஏறுதல். வெயில் தாங்கும் திறன். விருந்தினரிடம் நடத்தை. "குரல்" என்ற வரிசையில் சயாமீஸுக்கு நேராக, "அரை மணியில் பத்தொன்பது முறை" என்று இருந்தது.

"இது எப்படி சார் தெரியும்?"

"மாம்பலத்துக்குப் போய் அவா சோபாவுல உக்காந்து எண்ணினேன்."

"அன்னிக்கு அதுக்குப் பசியா இருந்திருக்கும் சார்."

அவர் யோசித்தார். "மறுபடி ஒருதரம் சாப்பாட்டுக்கு அப்புறம் எண்ணிடறேன்."

உணவு வரிசையில் "தயிர் சாதம்" என்று எழுதி, இரண்டு பக்கமும் "உடன்படவில்லை" என்று இருந்தது. பூனை சைவமாக இருக்க முடியாது, அதன் உடம்பு அப்படி அமைந்தது, கட்டாயப்படுத்தினால் கண்பார்வை போய்விடும் என்று சொன்னேன். அதை டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். ஃபைலின் ஒன்பதாம் பக்கத்தில் "விதிவிலக்கு" என்ற தலைப்பில், பால்கனியில் மட்டும், மூடிய டப்பாவில், தனிக் கரண்டியில் மீன் உணவு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அவர் எழுதியிருந்தார். அனுமதி வழங்கி மாமி கையெழுத்துப் போட்டிருந்தார்.

மதிப்பெண் பதினொன்றுக்குப் பதினொன்று. எப்படி இவ்வளவு சமமாக வந்தது என்று கேட்டேன்.

"இவர் எதையும் ஜெயிக்க விடமாட்டார்" என்றார் மாமி. "பெர்சியன் முன்னாடி போச்சுன்னா, பாவம் மத்ததுக்கு நியாயம் பண்ணலையேன்னு புதுசா ஒரு வரிசை சேர்ப்பார். அது முன்னாடி போச்சுன்னா இதுக்கு. ஆறு வரிசையில ஆரம்பிச்சது."

"விடுபட்டதைச் சேர்க்கறது தப்பா?" என்றார் சார்.

"இருபத்திரண்டு போட்டேளே. மடியில உக்காருமான்னு ஒரு வரிசை இருக்கா?"

சார் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். இல்லை. பேனா மூடியைக் கழற்றி, இருபத்து மூன்று என்று எழுதி, "மடி" என்று எழுதினார். அடுத்த நாளே தி. நகருக்கும் மாம்பலத்துக்கும் போய் இரண்டு பூனைகளையும் தன் மடியில் வைத்துப் பார்த்தார். பெர்சியன் நான்கு நிமிடம் இருந்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் இறங்கிப் போய்க் குளிர்ந்த தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டது. சயாமீஸ் மடியில் ஏறி, அங்கிருந்து தோளில் ஏறி, அவர் காதில் எதையோ விளக்கமாகப் பேசிவிட்டு அலமாரிக்குத் தாவிவிட்டது. ஆளுக்கு அரை மதிப்பெண்.

ஆப்பரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது கிளினிக்குக்கு வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. யாராவது இறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"ரெண்டுதாம்மா இருக்கு" என்றார்.

"என்ன சார் ரெண்டு?"

"கொட்டேஷன். பொண்ணு ரெண்டு பேரு சொன்னா, நானும் அப்படியே எடுத்துண்டுட்டேன். எட்டு மாசமா கவனிக்கலை. ரெண்டை வெச்சுண்டு தீர்மானம் பண்ண முடியாது. மூணு இருக்கணும்."

சாயங்காலம் புழு மருந்து அட்டவணையைக் கொடுக்கும் சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமி நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் புதிதாக ஒரு தாளில் மூன்றாவது பத்தி வரைந்து, அதை வெறுமையாக விட்டு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், எல்லா ஆபீஸ்லயும் பண்றதுதானே. மூணாவதா பேருக்கு ஒண்ணு எழுதிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவர் வீட்டுச் சாமி படத்தைக் காலால் தள்ளியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். மாமிக்கோ அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"நீ யார்கிட்ட சொல்றேன்னு உனக்குத் தெரியாது" என்றார். "இவர் ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான். யாருக்குக் கொடுக்கணும்னு முன்னாடியே முடிவாயிருக்கும். அவாளே வேற கம்பெனி பேர்ல இன்னும் ரெண்டு லெட்டர்பேடு கொண்டுவந்து நீட்டுவா. இவர் மட்டும் அந்த மூணாவது லெட்டர்பேடுல இருக்கற விலாசத்தைத் தேடிண்டு போவார். ஒருதரம் நாற்காலி வாங்கறதுக்கு வியாசர்பாடில எங்கயோ சந்துக்குள்ள போனார். போனா நிஜமாவே ஒருத்தன் நாற்காலி பண்ணிண்டிருக்கான். அவன் பேரை வேற எவனோ எழுதியிருக்கான், அவனுக்கே தெரியாது. இவர் உக்காந்து பாத்துட்டு, இதுதான் நல்ல நாற்காலின்னு அவனுக்கே ஆர்டரைக் கொடுத்துட்டார். ஆபீஸ்ல ஒருத்தரும் ஒரு மாசம் இவரோட பேசலை."

"நல்ல நாற்காலி. இன்னும் இருக்கு" என்றார் சார், தாளைப் பார்த்துக்கொண்டே.

"என்னைக் கல்யாணம் பண்ணிண்டது மட்டும் எப்படின்னு நினைக்கறே?" மாமியின் குரல் கொஞ்சம் தணிந்தது. "சைதாப்பேட்டைல ஒரு பொண்ணு, இவராத்துல முடிவே பண்ணியாச்சு. மாம்பலத்துல ஒண்ணு, அது முடியலைன்னா இருக்கட்டும்னு. நன்னா விசாரிச்சோம்னு ஊருக்குச் சொல்லிக்க மூணாவதா என் ஜாதகம். எங்காத்துக்கே அது தெரியும். இவர் வந்தார், பஜ்ஜி சாப்பிட்டார். எழுந்து போயிடுவார்னு எல்லாரும் வாசல் கதவைத் திறந்து வெச்சுண்டு நிக்கறா. இவர் எழுந்திருக்கலை. ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். எதுக்குச் சிரிப்பே, எதுக்குக் கோபம் வரும், எந்த வேலை பிடிக்காது. அதுவரைக்கும் என்னை யாரும் எதுவும் கேட்டதே இல்லடி. பிடிச்சிருக்கான்னுகூட."

"ரெக்கார்டுபடி சரியான தீர்மானம்" என்றார் சார். தலை நிமிரவில்லை.

எதையும் பேருக்குச் செய்யத் தெரியாத மனிதர் ஒருவர், எதிரே கட்டம் போட்ட தாளோடு உட்கார்ந்திருந்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"எங்க அம்மா கடையில ஒரு பூனை இருக்கு சார்" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடற்கரை லூப் ரோட்டுக்கு வந்தார். அப்போது அம்மாவுக்குச் சாலையோரத்தில்தான் கடை. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, அக்குளில் ஃபைல், மூக்கில் மடித்த கைக்குட்டை. மீன் வாங்க யாரும் அப்படி வருவதில்லை. அம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, கார்ப்பரேசன் ஆளா?"

"பூனை பாக்க வர்றாருன்னு சொன்னேனேம்மா."

"பூனையப் பாக்கவா இம்மாங் காயிதம்?" என்றாள். பிறகு ஐஸ் பெட்டியை அவர் பக்கம் தள்ளி, "குந்து சாரே" என்றாள்.

சார் என் பட்டமளிப்புப் படத்தின் மேல் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். மீன் வாங்க வந்த இரண்டு பேர் மீனை விட்டுவிட்டு இவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இந்தப் பூனையோட வயசு என்னம்மா?"

"புயல் வந்த வருசம் கூடைக்குள்ள கெடந்துச்சு. கண்ணுகூட தொறக்கல."

"எந்தப் புயல்?"

"இன்னா சாரே, ஒண்ணா ரெண்டா?"

நான் எட்டிப் பார்த்தேன். "வயது: சுமார் ஐந்து (புயல் கணக்கு)" என்று எழுதியிருந்தார்.

"திருடுமா?"

"என் கடையில திருடாது. பக்கத்துக் கடையப் பத்தி நான் இன்னாத்துக்கு சொல்லணும்?"

"சத்தம் போடுமா?"

"அது பாட்டுக்குக் கெடக்கும். காக்கா வந்தா மட்டும் ஒரு சவுண்டு வுடும்."

"தயிர் சாதம் சாப்பிடுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். "நானே துன்ன மாட்டேன் சாரே" என்றாள்.

பூனை இதையெல்லாம் கடைக்கு நிழலாக நட்ட பெரிய குடையின் கம்பி அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை, கறுப்பு, செம்மண் நிறம் மூன்றும் யாரோ அவசரத்தில் அப்பியதுபோல இருக்கும். இடது காது கிழிசல். வாலின் நுனி மடங்கியிருக்கும். போன வருடமே எங்கள் டாக்டர் கருத்தடை செய்து, ஊசியும் போட்டுவிட்டிருந்தார். அது எழுந்து வந்து சாரின் செருப்பை முகர்ந்தது. வேட்டி நுனியை முகர்ந்தது. பிறகு மடியில் ஏறி, திறந்திருந்த ஃபைலின் நடுவில், மூன்றாவது பத்தியை முழுக்க மறைத்து உட்கார்ந்துகொண்டது.

"எழுந்திருக்கச் சொல்லுங்கோம்மா" என்றார் சார்.

"அது எந்திரிக்காது சாரே. நீ கேளு, நான் சொல்லிக்கினுதான் கீறேன்."

சார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கைக்குட்டை மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. பூனை அதன் மேலும் ஒரு காலை வைத்துக்கொண்டது.

கடைசியாக விலை கேட்டார். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"மீனுதான் சாரே விக்கிறேன். பூனைய விக்கிறதில்ல." கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். "கடைய எல்லாம் கட்டடத்துக்குள்ள மாத்தப் போறாங்கன்னு பேச்சு ஓடிக்கினு கீது. ரோட்டப் பாத்து வளந்தது, அது அங்க இன்னா பண்ணும்? நல்ல எடம்னா குடுக்கிறேன். ஆனா மாசத்துக்கு ஒருவாட்டி நான் வந்து கண்ணால பாப்பேன். வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பக் கூடாது. அதான் வெல."

அம்மா மீன் கொடுக்கப் போகும் வீடுகளில் எந்த வாசற்படி வரை போவாள் என்று எனக்குத் தெரியும்.

சார் பூனையை ஓர் அங்குலம் நகர்த்தி, "நிபந்தனைகள்" என்ற இடத்தில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். "தருபவர் மாதம் ஒரு முறை நேரில் வந்து பார்வையிடுவார். வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து."

"உக்காரணும்னு நான் சொல்லலியே சாரே."

"நின்னுண்டே எப்படிம்மா பார்வையிட முடியும்?" என்றார்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்து நான் ஆறாம் வகுப்பில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. அவள் எழுதத் தெரிந்து வைத்திருப்பது அந்த ஐந்து எழுத்துகள்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, கொம்பையும் காலையும் விடாமல் போட்டாள். சார் அது காயும்வரை காத்திருந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் கிளினிக்குக்கு வந்தார். மூன்றாவது பூனையைப் பற்றி டாக்டரின் கருத்து வேண்டுமாம். டாக்டர் ஓர் அல்சேஷனின் காதுக்குள் இருந்தார். "அந்தப் பூனையை என்னைவிட இவளுக்குத்தான் தெரியும். இவளே எழுதட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

சார் என்னைப் பார்த்தார். "நீ என்ன படிச்சிருக்கே?"

"பி.எஸ்ஸி. விலங்கியல்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

கேட்காமல் விட்டது அவருக்கு வலித்தது என்பது தெரிந்தது. பிறகு, "இன்னொரு சிக்கல் இருக்கு. நீ தருபவரோட பொண்ணு. உன் பூனைக்கு நீயே எழுதினா எப்படி ஒத்துக்கறது?" என்றார்.

"மூணுக்கும் எழுதறேன். மூணோட குறையையும் எழுதறேன். படிச்சுட்டு, சரியில்லைன்னா கிழிச்சுப் போட்டுடுங்க."

டோக்கன் கூப்பிடுவதற்கு நடுவில் எழுதினேன். பெர்சியன் அமைதியான பூனை, ஆனால் தினமும் முடி வார வேண்டும், கண் துடைக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரால் முடியாது. சயாமீஸ் அன்பான பூனை, ஆனால் நாள் முழுக்க யாராவது விளையாட வேண்டும், அதுவும் முடியாது. இரண்டுமே குட்டிகள். தையல் போட்ட முழங்கால் மேல் குதிக்கும். மூன்றாவதற்குக் காது கிழிசல். விடியற்காலையில் எழுப்பும். மீன் வாசனை வந்தால் யார் சொன்னாலும் கேட்காது. புது இடத்தில் சில நாள் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் வளர்ந்த, நிதானமான பூனை. ஓரிடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நோயாளியின் தேவைக்கு மூன்றாவதே பொருத்தம்.

அவர் இரண்டு முறை படித்தார். "குறையைக் கூடுதலாவே எழுதியிருக்கே" என்றார். அதை அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு என்று இப்போது புரிகிறது. பெயர், படிப்பு, தேதி எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். மேல் மூலையில் சிவப்பு மையில் பக்க எண் போட்டார், முப்பத்தொன்று. தலைப்பு, "தொழில்நுட்பக் கருத்து." நாடாவைக் கட்டினார்.

ஆப்பரேஷனுக்கு ஐந்து நாள் முன்பு பூனையைக் கொண்டுபோய் விட்டேன். கூடையைத் திறந்ததும் அது மாமியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டிலுக்கடியில் போய்விட்டது. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஆள் இல்லாதபோது பால்கனிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். என் கருத்து தப்பாகிவிட்டது என்று நான் தூங்கவில்லை. சார் முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து, "சில நாள் ஒளிந்துகொள்ளலாம்" என்ற வரியின் கீழ் ஒரு கோடு மட்டும் போட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையிலும் பூனை வெளியே வரவில்லை. பையோடு நின்ற மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் யாராலும் அசைக்க முடியாது.

மாமி கட்டிலைப் பார்த்துச் சொன்னார். "பூனை வந்தா வரேன்னேன். வந்தாச்சு. மடிக்கு வந்தாத்தான்னு நான் சொல்லலை. சொன்ன வார்த்தை சொன்னதுதான்." என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இரண்டு மாடி இறங்கினார்.

மூன்றாம் நாள் பூனையைப் பார்க்கப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சாரின் குரல் கேட்டது. "முடி உதிர்தல். பெர்சியன், அதிகம். சயாமீஸ், குறைவு. மூன்றாவது, ஆய்வுக்குட்பட்டது." எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து உடை மாற்றுவதற்காக வந்தவர், தரையில் பாய்கூட இல்லாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கட்டிலுக்கடியில் முகத்தை நீட்டி, ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தார். குரல் பழகப் பழகத்தான் பூனை வெளியே வரும், ஏதாவது பேசிக்கொண்டிருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பேசுவதற்கு அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து இரண்டு பச்சைக் கண்கள் அவரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மாமி வீடு திரும்பிய அன்று நான் அங்கே இல்லை. போன் வந்தது. "உன் பூனை" என்று ஆரம்பித்து மாமியால் மேலே பேச முடியவில்லை. சார் போனை வாங்கிக்கொண்டார். "இருபத்து மூணாவது வரிசை" என்றார். "இதோட ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம் ஆச்சு. இன்னும் இறங்கலை. முழு மதிப்பெண் போட்டுட்டேன்."

முதல் மாதம் அம்மா போனபோது நானும் கூடப் போனேன். அம்மா குளித்துவிட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் வந்தாள். படியேறும்போது, "வாசன வருதா பாருடி" என்று மூன்று முறை கேட்டாள். சார் வாசலுக்கே வந்து, "உள்ள வாங்கோ, பார்வையிடணும்" என்றார். காபி வந்தது. அது எந்த டம்ளர் என்று நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. நான்கு பேருக்கும் ஒரே மாதிரி டம்ளர். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பூனையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாம்மே, ஊதிக்கினு கீற" என்றாள். பூனை கண்ணைத் திறக்கவில்லை. பார்வையிட்டதற்குச் சார் கையெழுத்து வாங்கினார். ஐந்து எழுத்து.

இரண்டு வருடம், மாதம் தவறாமல் அம்மா போனாள். பிறகு மகள் டொரண்டோவிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வந்து, இவர்களை அழைத்துக்கொண்டாள். பூனையை எப்படிக் கொண்டுபோவது என்று ரயில், கார், விமானம் மூன்றையும் சார் ஒப்பிட்டதில் பயணம் ஆறு வாரம் தள்ளிப்போயிற்று. கிளம்புவதற்கு முன் கிளினிக்குக்கு வந்து ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே முப்பத்தொன்றாம் பக்கத்தின் நகல். கீழே அவர் கையால், "மேற்படி கருத்தின் அடிப்படையில் தீர்மானிக்கப்பட்டது. முடிவு திருப்திகரம்."

இந்த வருடம் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்தேன். மூன்று கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொன்னது விண்ணப்பம். கூட விண்ணப்பித்த தோழிகள் மூன்றாவது இடத்தில் பேருக்கு ஏதோ ஒன்றைப் போட்டார்கள். நான் மூன்றுக்கும் பஸ் ஏறிப் போனேன். ஆய்வகத்தைப் பார்த்தேன், நூலகத்தைப் பார்த்தேன், வாட்ச்மேனிடம்கூடக் கேள்வி கேட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று பத்தி போட்டு எழுதிப் பார்த்து, வரிசையை மாற்றினேன். இதர சான்றுகள் என்ற இடம் காலியாக இருந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தை ஸ்கேன் செய்து அதில் ஏற்றினேன்.

போன திங்கட்கிழமை அனுப்பியாயிற்று.